எடையில்லாத பூச்சியை எறிவது எப்படி?

மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, ஈயக்குண்டு மாட்டிக் குளத்தில் தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும், தூரமாகப் போய் விழுவது ஈயம்தான். நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது, புழுவும் கூடவே போகிறது. ஈயத்தைக் கழற்றிவிட்டு வெறும் முள்ளை எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும்.

ஃப்ளை ஃபிஷிங்கில் மீனுக்குக் காட்டுவது கிட்டத்தட்ட அந்த வெறும் முள்ளைத்தான். சின்னஞ்சிறு முள், அதைச் சுற்றிக் கொஞ்சம் நூல், கொஞ்சம் இறகு. பார்வைக்கு ஒரு பூச்சி. இதைத்தான் ஃப்ளை என்கிறார்கள். உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். கூடவே ஈயம் கட்டவும் வழியில்லை, ஏனென்றால் நிஜப் பூச்சி தண்ணீரில் எப்படி மிதந்து வருமோ அப்படியே இதுவும் வரவேண்டும். அப்படியானால் நாற்பது, ஐம்பது அடி தள்ளி நிற்கிற மீனிடம் இதை எப்படிக் கொண்டுசேர்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் ஃப்ளை ஃபிஷிங்கில் பாதி புரிந்த மாதிரி. நரம்பு ஏன் அவ்வளவு தடிமன், கோலை ஏன் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள், இடுப்பளவுத் தண்ணீரில் ஏன் இறங்கி நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதிலிருந்தே வருகிறது.

அதற்கு முன்னால், எதற்கு இந்த வம்பு, புழுவையே போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், ஃப்ளை ஃபிஷிங்கில் பெரும்பாலும் குறிவைக்கும் டிரவுட் என்ற மீன் புழுவையும் தின்னும். ஆனால் டிரவுட் வாழ்கிற இடத்தையும் அதன் சாப்பாட்டையும் பார்த்தால் பூச்சிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று விளங்கும்.

டிரவுட் குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த நீரில் வாழும் மீன். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். மலை ஓடைகளில் அது இரை தேடி அலைவதில்லை. ஒரு பாறைக்குப் பின்னாலோ, வேகநீரும் மந்தநீரும் உரசும் ஓரத்திலோ, ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நின்றுகொள்ளும். சாப்பாட்டை ஆறே கொண்டுவரும். அருகில் வருவதை எட்டிப் பிடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். ஓட்டத்தோடு மல்லுக்கட்டச் செலவாகும் சக்தியைவிட வாய்க்குள் போவது அதிகமாக இருக்கவேண்டும், அதன் கணக்கு அவ்வளவுதான்.

அப்படி வரும் சாப்பாட்டில் பெரும்பங்கு பூச்சிகள். அதிலும் மேஃப்ளை என்ற பூச்சியைச் சுற்றித்தான் இந்தக் கலையே வளர்ந்தது. ஆற்றடிக் கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேல், சிறகில்லாத புழுப்பருவத்தில் கிடக்கும். இதற்கு நிம்ஃப் என்று பெயர். நேரம் வந்ததும் நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து, தோலைக் கிழித்துச் சிறகோடு வெளியே வந்து, சிறகு காயும்வரை தண்ணீர்மேல் படகு மாதிரி மிதந்து போகும். பிறகு பறந்து கரையிலுள்ள செடியில் உட்கார்ந்து இன்னொரு முறை தோலுரிக்கும். சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கிற பூச்சி உலகத்தில் இது ஒன்றுதான். அப்புறம் இணைசேர்ந்து, முட்டையிட்டு, தண்ணீரிலேயே செத்து விழும். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாய் கிடையாது, ஆயுளே சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரைதான். மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி, ஒரே மாலையில் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கிளம்பும். அந்த நேரத்தில் டிரவுட் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு பூச்சியை, அதுவும் அந்த ஒரு பருவத்தில் இருப்பதை மட்டும் பொறுக்கித் தின்னும். அப்போது உங்கள் மண்புழுவை அது ஏறிட்டும் பார்க்காமல் போகலாம்.

சரி, நிஜப் பூச்சியையே பிடித்து முள்ளில் குத்தலாமே? இந்த யோசனை பழசு, பதிலும் பழசு. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் அஸ்திரேயஸ் என்ற ஆற்றில் புள்ளி போட்ட மீன்களை மக்கள் பிடித்த விதத்தை எழுதிவைத்திருக்கிறார். அந்த மீன்களுக்கு இரையாகும் பூச்சியின்மேல் கை பட்டாலே அதன் நிறம் போய்விடும், சிறகு நைந்துவிடும். அதனால் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் முளைக்கும் மெழுகு நிற இறகு இரண்டை அதில் கட்டினார்களாம். இன்று கடையில் விற்கிற ஃப்ளையும் இதே ஆள்தான், கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது, அவ்வளவே.

இனி எறிகிற விஷயத்துக்கு வருவோம். முள்ளில் எடை இல்லை, ஈயமும் கட்ட முடியாது. மிச்சம் இருப்பது நரம்பு ஒன்றுதான். ஆகவே எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். ஃப்ளை நரம்பு சாதாரணத் தங்கூசி மாதிரி கண்ணுக்குத் தெரியாத இழை அல்ல. பின்னிய நூலின்மேல் பிளாஸ்டிக் பூசிய, தொட்டால் கயிறு போல இருக்கிற தடிமனான பொருள். பெரும்பாலும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பளிச்சென்று இருக்கும். பிளாஸ்டிக் வருவதற்கு முன் பட்டில் பின்னி, மிதப்பதற்காகக் கொழுப்புத் தடவி, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உலர்த்தி வைப்பார்களாம். இந்த நரம்புக்கு எண் உண்டு. எண் சொல்வது நீளத்தையோ பலத்தையோ அல்ல, முதல் 30 அடியின் எடையை. டிரவுட்டுக்குப் பலரும் முதலில் வாங்குவது 5-ஆம் எண். அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். கோலிலும் அதே எண் அச்சிட்டிருக்கும், இரண்டும் பொருந்த வேண்டும். 5-ஆம் எண் கோல் என்றால், 9 கிராம் காற்றில் போய்வரும்போது சரியான அளவு வளைந்து நிமிரக்கூடிய கோல். வழக்கமான நீளம் 9 அடி.

தடித்த ஆரஞ்சுக் கயிறு ஒன்று தலைமேல் வந்து விழுந்தால் டிரவுட் ஓடிவிடும். அதனால் நரம்பின் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவில் சுமார் 9 அடிக்கு நிறமில்லாத நைலான் இழை ஒன்று இருக்கும். இதற்கு லீடர் என்று பெயர். ஒரு முனை தடித்து, மறுமுனை போகப்போக மெலிந்திருக்கும். மெல்லிய முனையின் தடிமனை எக்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது 0.15 மி.மீ. முள்ளுக்கும் எண் உண்டு, அதுவும் தலைகீழ்தான். 10-ஐவிட 16 சின்னது. யார் இந்தக் கணக்கையெல்லாம் வைத்தார்களோ, புதிதாக வருபவர்களைச் சோதிப்பதற்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது.

வீச்சு இப்படி நடக்கும். முன்னால் இருபது, முப்பது அடி நரம்பு நேராகக் கிடக்கிறது. கோலின் நுனியைத் தாழ்த்தி வைத்து, மெதுவாகத் தூக்க ஆரம்பித்து, வேகம் கூட்டி, கோல் காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தம்தான் உயிர். அதுவரை வளைந்திருந்த கோல் அந்த இடத்தில் நிமிர்ந்து, நரம்பைப் பின்பக்கமாக உதறுகிறது. நரம்பு ஒரு சின்ன வளையமாக உருண்டு, உங்களுக்குப் பின்னால் நீளமாக விரிகிறது. அது முழுக்க விரியும்வரை நீங்கள் சும்மா நிற்க வேண்டும். விரிந்ததும் அதேபோல முன்னால் தள்ளி, கண்ணுக்கு நேரான உயரத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். இப்போது வளையம் முன்பக்கம் உருளும், நரம்பு விரியும், கடைசியில் லீடர் விரியும், ஃப்ளை ஓசையில்லாமல் தண்ணீரில் உட்காரும்.

சும்மா நிற்கிற அந்த இடைவெளியில்தான் எல்லோருக்கும் சிக்கல். முப்பது அடி நரம்பு பின்னால் விரிய ஒரு விநாடியாவது வேண்டும். ஆனால் கை துறுதுறுவென்று முன்னால் போகத் துடிக்கும். விரிவதற்குள் இழுத்தால் முதுகுக்குப் பின்னால் சாட்டை சொடுக்கிய மாதிரி 'சடீர்' என்று சத்தம் கேட்கும். கேட்டால் நரம்பைச் சுருட்டி முனையைப் பாருங்கள், ஃப்ளை பெரும்பாலும் அறுந்து போயிருக்கும். இன்னொரு சிக்கல் பலத்தைக் காட்டுவது. தோள்பட்டையால் ஓங்கி வீசினால் கோல் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது, வளையம் அகலமாகி நரம்பு தொப்பென்று குவியலாக விழும். எடை 9 கிராம்தான், மல்யுத்தம் தேவையில்லை. பின்னால் மரமோ செடியோ இருந்து நரம்பு விரிய இடமில்லை என்றால் ரோல் காஸ்ட் என்று வேறொரு வீச்சு இருக்கிறது. அதில் நரம்பு பின்னால் போகாமல் தண்ணீர்மேல் சக்கரம் போல உருண்டு முன்னால் போகும். ஆற்றுக்குள் இறங்கி நிற்பதற்கும் பாதிக் காரணம் இந்தப் பின்பக்கத்து இடம்தான்.

ஃப்ளை விழுந்துவிட்டது. பலர் வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான். என்னைக் கேட்டால் வீச்சைவிடக் கடினமானது இனிமேல் வருவது. ஆற்றின் அகலம் முழுக்கத் தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடாது. நடுவில் வேகம், ஓரத்தில் மந்தம். உங்கள் நரம்பு வேகநீரிலும் ஃப்ளை மந்தநீரிலும் கிடந்தால், நரம்பு முந்திக்கொண்டு ஓடி ஃப்ளையை இழுக்கும். இழுபடும் ஃப்ளைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு விழும். நிஜப் பூச்சி அப்படிக் கோடு போட்டுக்கொண்டு ஆற்றைக் குறுக்கே கடப்பதில்லை, டிரவுட்டுக்கு அது நன்றாகத் தெரியும். இதைச் சரிசெய்ய, ஃப்ளை விழுந்த உடனேயே கோல் நுனியால் நரம்பின் நடுப்பகுதியை மட்டும் தூக்கி, ஓட்டம் வருகிற திசையில் எடுத்துப் போட வேண்டும். இழுவை தொடங்க இன்னும் நாலைந்து விநாடி கிடைக்கும். பெரும்பாலும் மீன் எடுப்பது அந்த நாலைந்து விநாடிக்குள்தான்.

மீன் எதைப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீருக்கடியிலிருந்து மேலே பார்த்தால் வெளியுலகம் ஒரு வட்டத்துக்குள் மட்டுமே தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் வருவது இது. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டேகால் அடி. வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆற்றின் தரையையே காட்டும். மிதந்து வரும் பூச்சி முதலில் அந்தக் கண்ணாடியில் சில ஒளிப்புள்ளிகளாகத்தான் தெரியும். அதன் கால்கள் நீர்ப்பரப்பை அழுத்தும் இடங்கள் அவை. வட்டத்துக்குள் வந்த பிறகுதான் சிறகும் நிறமும். ஆக, மனிதக் கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிகிற ஃப்ளைதான் மீனையும் ஏமாற்றும் என்று நினைக்க வேண்டியதில்லை. சரியான அளவு, தண்ணீரில் உட்காரும் விதம் இரண்டும் பெரும்பாலும் நிறத்தைவிட முக்கியம்.

ஃப்ளைகளில் ஆயிரக்கணக்கான வகை உண்டு, ஆனால் குடும்பம் நான்குதான் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே மிதப்பது டிரை ஃப்ளை. பரப்புக்குச் சற்றுக் கீழே இழுபட்டுப் போவது வெட் ஃப்ளை. புழுப்பருவத்தைக் காட்டுவது நிம்ஃப். சின்ன மீனையோ அட்டையையோ போலச் செய்தது ஸ்ட்ரீமர். இங்கிலாந்தின் தென்பகுதிச் சுண்ணாம்பு ஆறுகளான டெஸ்ட், இட்சன் கரைகளில், மேலே மிதக்கும் ஃப்ளைதான் கண்ணியம், நிம்ஃப் போடுவது ஏமாற்று என்று ஒரு கட்சியே இருந்தது. ஹால்ஃபோர்ட் என்பவர் அதன் குரு. ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் எதிர்க்கட்சி. 1938-இல் லண்டனில் உள்ள ஒரு சங்கத்தில் இதற்கென்று விவாதமே நடத்தினார்கள். டிரவுட் தன் சாப்பாட்டில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியில்தான் தின்கிறது என்பதால் நான் ஸ்கியூஸ் பக்கம்.

ஃப்ளை கட்டுவதைக் கற்றுக்கொள்ளவும் நிம்ஃப்தான் நல்ல தொடக்கம். அதிலும் ஃப்ராங்க் சாயர் கட்டிய ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப். சாயர் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் காவலராக வேலை பார்த்தவர், நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். நீந்தும் நிம்ஃப் தன் கால்களை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது என்று கவனித்தார். அப்படியானால் ஃப்ளைக்குக் கால் எதற்கு? கழற்றிவிட்டார். கட்டுவதற்கு நூலும் எதற்கு? அதையும் விட்டுவிட்டார். மிச்சம் இரண்டே பொருள்: ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையில் சேவலின் செம்பழுப்பு வால் இறகிலிருந்து நாலு இழை, தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி.

முள்ளை அதன் வளைவில் பிடித்துக்கொள்ள மேசையில் திருகி வைக்கும் சின்ன இடுக்கி வேண்டும், வைஸ் என்பார்கள். முள்ளின் தண்டு முழுக்கக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, முள்ளின் கண்ணுக்கு, அதாவது இழை கட்டும் துளைக்கு, சற்றுப் பின்னால் நாலைந்து சுற்று கூடுதலாகச் சுற்றி ஒரு சின்னத் திமில் எழுப்புங்கள். அதுதான் பூச்சியின் மார்பு. கம்பியை வளைவுப் பக்கம் கொண்டுவந்து, நாலு இழைகளின் நுனி மூன்று மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டுங்கள், அது வால். இப்போது இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கையே கண் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். முறுக்குவதற்கு முக்கியக் காரணம் அழகு அல்ல. வெறும் இழை மட்டும் இருந்தால் டிரவுட்டின் பல் பட்டதும் அறுந்து அவிழ்ந்துவிடும், உள்ளே கம்பி ஓடினால் தாங்கும். மார்பு வந்ததும் இரண்டையும் பிரித்து, இழைகளை மட்டும் திமிலின்மேல் முன்னும் பின்னும் மடித்து ஒவ்வொரு மடிப்பையும் கம்பியால் அழுத்திக் கட்டினால், விரியப்போகும் சிறகின் உறை தயார். கம்பியை முடிச்சிட்டு வெட்டிவிடலாம். உலர்ந்திருக்கும்போது ஒரு பழுப்புத் துணுக்குதான். நனைந்ததும் இழைகளுக்கு நடுவே செம்பு மினுங்கும்.

முதலில் சொன்னதற்கு இது முரணில்லையா, கம்பிக்கு எடை உண்டே? உண்டு. அது ஃப்ளை மூழ்குவதற்கான எடை, வீசுவதற்கான எடை அல்ல. சாயர் அதை மீனுக்கு முன்னால், ஓட்டம் வருகிற பக்கத்தில் போட்டு மூழ்கவிட்டு, மீனின் அருகே வரும்போது கோல் நுனியை மெல்ல உயர்த்துவார். நிம்ஃப் மேலே எழும்பும். தப்பிப் போகிறதே என்று மீன் பாய்ந்துவிடும்.

டிரை ஃப்ளை கட்டுவது இதைவிட ஒரு படி கடினம். அது மிதப்பது சேவல் கழுத்து இறகால். இறகை முள்ளைச் சுற்றிச் சுற்றினால் விறைப்பான இழைகள் நாலாபக்கமும் நின்று, நீர்ப்பரப்பைக் கிழிக்காமல் அதன்மேல் நிற்கும். பெட்டையின் இறகு மிருதுவானது, தண்ணீர் குடிக்கும், அதனால் அது வெட் ஃப்ளைக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1922-இல் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற டிரை ஃப்ளை இன்றும் பலரின் பெட்டியில் இருக்கும். சாம்பல் உடல், பழுப்பும் வரியும் கலந்த இறகு. எந்தப் பூச்சியையும் சரியாகப் பார்த்துச் செய்ததில்லை, எல்லாப் பூச்சியையும் கொஞ்சம் போல இருக்கும்.

இந்த இறகு விஷயத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகில் மெழுகு ஊற்றிய மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் இருக்கும். சால்மன் மீனுக்கான பழைய ஆங்கில ஃப்ளைகளில் கண்ணாக வைத்துக் கட்ட அந்த இறகுக்கு ஏக கிராக்கி. காட்டுச்சேவலை வேட்டையாடுவதும் அதன் இறகை ஏற்றுமதி செய்வதும் இப்போது சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த பறவைகளிலிருந்து எடுக்கிறார்கள், பிளாஸ்டிக்கில் போலியும் உண்டு. டிரவுட் ஃப்ளைக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

மீன் எடுத்துவிட்டால் கோலை நிதானமாக உயர்த்தினால் போதும். சுண்டி இழுத்தால் 0.15 மி.மீ. இழை அறுந்துவிடும். திரும்ப விடுவதாக இருந்தால் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். உலர்ந்த கை அதன் உடம்பிலுள்ள வழவழப்பை உரித்துவிடும்.

இந்தியாவில் டிரவுட் சொந்த மீன் அல்ல. ஐரோப்பாவின் பிரவுன் டிரவுட் 1900 வாக்கில் காஷ்மீருக்கு வந்தது. நீலகிரியில் 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் முயன்றார், கைகூடவில்லை. 1900-களின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகு, வட அமெரிக்காவின் ரெயின்போ டிரவுட் அங்கே நிலைத்தது. மூணாறு மலைகளிலும் தோட்டத்துரைகள் அதை வளர்த்தார்கள். வந்தேறி மீன் உள்ளூர்ச் சிறுமீன்களை என்ன செய்யும் என்ற கவலை நியாயமானது, பழைய ஆங்கிலேயர் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. ஊட்டிப் பக்கம் போனால் கோலை எடுத்துக்கொண்டு நேராக ஓடையில் இறங்கிவிட முடியாது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கத் தடை, காப்புக்காடுகளுக்குள் நுழையவே வனத்துறை அனுமதி வேண்டும். முறையாகப் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டால் காஷ்மீரோ இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கோ நல்லது. அங்கே மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு தருகிறது.

அதுவரை கற்றுக்கொள்ளத் தண்ணீர் தேவையில்லை, பள்ளி மைதானம் போதும். முள்ளுக்குப் பதில் லீடர் முனையில் பளிச்சென்ற கம்பளி நூல் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம், நரம்பின் பூச்சு தேய்ந்துவிடும். புல்தரைதான் சரி. ஒரு பழைய தட்டை முப்பது அடி தள்ளி வைத்து, நூல் அதில் விழுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, ஒவ்வொரு வீச்சிலும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் நரம்பு முழுக்க விரிந்ததா என்று பார்த்துவிட்டு முன்னால் தள்ளுங்கள். பல வருடம் பழகியவர்களே பார்க்கிறார்கள், நீங்கள் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.